கையில் என்ன இருக்கிறது? ரோமானியக் காசுகளில் தெய்வங்களை இனம் காண்பது

கொங்குப் பகுதியில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைதான் மிக அதிகம். ஒன்று பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் அவருடைய பேரன்கள் கேயஸும் லூசியஸும் தரையில் ஊன்றிய கேடயங்களைப் பிடித்தபடி நிற்பார்கள். மற்றது அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸின் காசு. அதன் பின்பக்கத்தில் ஒரு பெண் வலப்புறம் பார்த்து நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் இலைக்கிளை. காசின் குறுக்களவு சுமார் 18 மில்லிமீட்டர், எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த வெள்ளிக் காசுக்கு டெனாரியஸ் என்று பெயர்.

அந்தப் பெண் யார்? அமைதித் தெய்வம் பாக்ஸ் என்று சிலர் எழுதுகிறார்கள். டைபீரியஸின் தாய் லிவியா என்று சிலர். காசில் இருக்கும் எழுத்தோ ‘பொன்டிஃப் மாக்சிம்’. அது அவள் பெயரே இல்லை, ‘தலைமைக் குரு’ என்ற பேரரசரின் பட்டம். கோலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, ரோமில் எந்தப் பெரிய தெய்வமும் கோல் பிடிக்கும். ஒலிவக்கிளை பாக்ஸைச் சுட்டுகிறது. அரியணையில் அமர்ந்திருக்கும் தோரணை அரச குடும்பத்துப் பெண்ணையும் நினைவூட்டுகிறது. ஆகவே ‘அமர்ந்த பெண், அமைதித் தெய்வமாகக் காட்டப்பட்ட லிவியாவாக இருக்கலாம்’ என்று எழுதுவதுதான் நேர்மையான விவரிப்பு.

கேயஸ், லூசியஸ் காசில் தெய்வமே கிடையாது. ஆனால் இருவர் தலைக்கும் நடுவே, மேலே, இரண்டு சின்னப் பொருள்கள் இருக்கும். ஒன்று நீண்ட காம்பு வைத்த கரண்டி, சிம்புலம். இன்னொன்று நுனி சுருண்ட கோல், லிட்டுவஸ். கேயஸ் பொன்டிஃபெக்ஸ் என்ற குருப் பதவியில் இருந்தார், கரண்டி அவருக்கு. லூசியஸ் பறவைக் குறி பார்க்கும் அகர், சுருண்ட கோல் அவருக்கு. பட்டியல்களில் இந்த இரண்டையும் ‘பாத்திரமும் பாம்பும்’ என்று குறித்துவிட்டால் காசு சொல்ல வந்த செய்தி முழுவதும் போய்விடும்.

சங்கு சக்கரம் கண்டால் பெருமாள், வேலும் மயிலும் கண்டால் முருகன் என்று படித்துப் பழகிய கண் நம்முடையது. அந்தப் பழக்கம் இங்கே பாதி தூரம்தான் கூட வரும். ரோமானியச் சின்னங்களில் பெரும்பாலானவை ஒரே தெய்வத்துக்கு உரியவை அல்ல. ஒரே பொருளைப் பத்துப் பேர் பிடித்திருப்பார்கள். எந்தப் பொருள் எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் பெயரைத் தரும்.

பார்க்கும் வரிசை

முதலில் தலை. தலைக்கவசமா, முக்காடா, இலை வளையமா, கதிர்க் கிரீடமா, பிறையா, கோட்டைச் சுவர் வடிவ மகுடமா? அடுத்து வலக்கை, பிறகு இடக்கை. பிறகு காலடி: பறவை, விலங்கு, கப்பல் முனை, பூகோளம், தானியம் அளக்கும் மரக்கால். கடைசியாக உடை: நீண்ட அங்கியா, முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டை உடையா, ஒரு மார்பு திறந்திருக்கிறதா? இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு பெயரைத் தேடுங்கள். பெயரை முதலில் ஊகித்துவிட்டால், தேய்ந்த காசில் இல்லாத மயில் கூடக் கண்ணுக்குத் தெரியும்.

எழுத்து தெளிவாக இருந்தால் அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை. ஆனால் அதைப் படிக்க இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லத்தீன் கல்வெட்டெழுத்தில் ‘ஜே’ கிடையாது, ‘ஐ’ தான் அந்த இடத்தில் நிற்கும். ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ நிற்கும். அதனால் தெய்வங்களின் அரசி ஜூனோவின் பெயர் ஐ, வி, என், ஓ என்று இருக்கும். இரண்டாவது, பெயர் பல சமயம் நான்காம் வேற்றுமையில் வரும், அதாவது நம் ‘கு’ உருபு. ‘யோவி கன்சர்வாட்டோரி’ என்றால் ‘காக்கும் ஜூபிடருக்கு’, ஜூபிடர் தெய்வங்களின் அரசர். போர்த் தெய்வம் மார்ஸ் ‘மார்ட்டி’ ஆவார், காதல் தெய்வம் வீனஸ் ‘வெனெரி’ ஆவாள், கதிரவன் சோல் ‘சோலி’ ஆவான். இது தெரியாதவர்கள் ‘யோவி’யை வேறொரு தெய்வமாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெயருக்குப் பின் ஏ, வி, ஜி என்று மூன்று எழுத்து வந்தால் அது பேரரசரைக் குறிக்கும் ‘அகஸ்டி’. ‘பாக்ஸ் அகஸ்டி’ என்றால் பேரரசரின் அமைதி. ‘ஜி’ இரட்டித்தால் இரண்டு பேரரசர்கள் சேர்ந்து ஆண்ட காலம், மூன்று வந்தால் மூவர்.

எல்லோர் கையிலும் இருப்பவை

மூன்று பொருள்களை அடையாளமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது: செங்கோல், பாதேரா, வளமைக் கொம்பு.

பாதேரா என்பது கைப்பிடி இல்லாத ஆழம் குறைந்த கிண்ணத்தட்டு. பலிபீடத்தின் மேல் மதுவையோ பாலையோ ஊற்றிப் படைக்க வைத்திருப்பது. பெரும்பாலான தட்டுகளின் நடுவில், அடியிலிருந்து விரல் நுழைத்துப் பிடிக்க வசதியாக ஒரு குமிழ் இருக்கும். காசில் இது பக்கவாட்டில் தெரிந்தால் சிறு கோடு, சாய்ந்து தெரிந்தால் நீள்வட்டம், அவ்வளவுதான். கண்ணாடி, பந்து, ஆப்பிள் என்று இதை மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஆப்பிளுக்கும் பாதேராவுக்கும் வேறுபாடு முக்கியம், ஏனென்றால் ஆப்பிள் வீனஸுடையது. ஆப்பிள் உருண்டையாக விரல்களுக்குள் நிற்கும். பாதேரா விரல்களைத் தாண்டி வெளியே நீளும், பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

வளமைக் கொம்பு என்பது பழமும் கதிரும் நிரம்பி வழியும் ஆட்டுக்கொம்பு. குழந்தை ஜூபிடருக்குப் பாலூட்டிய அமல்தியா என்ற ஆட்டின் கொம்பு என்பது கதை. ஃபார்ச்சூனா, இணக்கத்தின் உருவான கன்கார்டியா, ஃபெலிசிடாஸ், பாக்ஸ், அனோனா, ஏக்விடாஸ் என்று பெரிய பட்டியலே இதை இடக்கையில் ஏந்தும். இடக்கையில் கொம்பு தெரிந்ததும் கண்ணை வலக்கைக்குத் திருப்புங்கள், விடை அங்கேதான்.

வலக்கையில் சுக்கான் இருந்தால் ஃபார்ச்சூனா. வாழ்க்கையின் போக்கைத் திருப்புகிறவள் என்பதால் சுக்கான். ரோமானியக் கப்பலின் சுக்கான் இன்றுபோல் பின்னால் நடுவில் மாட்டியது அல்ல, பக்கவாட்டில் கட்டிய பெரிய துடுப்பு. அதனால் காசில் அது அகன்ற அலகுள்ள துடுப்பாகத்தான் தெரியும். அடியில் சிறு உருண்டை இருந்தால் அது உலகம். அமர்ந்த ஃபார்ச்சூனாவின் நாற்காலிக்கு அடியில் சக்கரம் இருந்தால் பெரும்பாலும் ஃபார்ச்சூனா ரெடக்ஸ், பயணம் போனவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பவள். கிழக்கிலிருந்து அகஸ்டஸ் திரும்பியபோது, கி.மு. 19இல், ரோமின் ஆட்சிமன்றமான செனட் இவளுக்குத்தான் பலிபீடம் அமைக்க முடிவு செய்தது.

வலக்கையில் தராசு இருந்தால் சிக்கல். நேர்மையின் உருவான ஏக்விடாஸும் நாணயச் சாலையின் தெய்வமான மொனேட்டாவும் ஒரே மாதிரி, தராசும் கொம்பும் பிடித்து நிற்பார்கள். எழுத்து இல்லாமல் பிரிக்க வழியில்லை. மூன்று பெண்கள் வரிசையாகத் தராசோடு நின்று, ஒவ்வொருத்தியின் காலடியிலும் காசுக் குவியல் இருந்தால் மட்டும் உறுதியாக மொனேட்டாக்கள் என்று சொல்லலாம். பொன், வெள்ளி, செம்பு மூன்றுக்கும் ஒருத்தி வீதம் என்று கொள்வது வழக்கம். ரோமின் காபிடோல் குன்றில் ஜூனோ மொனேட்டா கோவிலை ஒட்டி நாணயச் சாலை இருந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பணத்துக்கும் நாணயச் சாலைக்கும் வழங்கும் சொற்கள் இந்தப் பெயரிலிருந்து வந்தவை.

தானியம் பிடித்தவர்கள் மூவர். வலக்கையில் கதிர்க்கற்றை, இடக்கையில் நிமிர்ந்த நீண்ட தீப்பந்தம் என்றால் செரஸ், விளைச்சலின் தாய். பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட மகளைத் தேடி அலைந்தவள் என்பதால் பந்தம். கதிரோடு காலடியில் மோடியஸ் என்ற தானிய அளவையும் பக்கத்தில் கப்பல் முனையும் இருந்தால் அனோனா. அவள் விளைச்சலின் தெய்வம் அல்ல, எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் ரோமுக்கு வந்து சேரும் ஆண்டுத் தானிய வரத்தின் உருவம். மோடியஸ் நம் மரக்கால் போன்ற ஏனம், கொள்ளளவு சுமார் 8.7 லிட்டர். காசில் குட்டைக் கால்களோடு, மேலே கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும்படி காட்டுவார்கள். கொம்பை இரு கைகளாலும் கவிழ்த்துக் கொட்டுபவள் அபன்டான்ஷியா. தீப்பந்தத்தை மட்டும் பார்த்துச் செரஸ் என்று சொல்லிவிடக் கூடாது. பந்தத்தை உடலுக்குக் குறுக்கே சாய்த்து இரு கைகளாலும் பிடித்திருப்பவள் ஒளி கொணரும் டயானா, வேட்டைக்கும் நிலவுக்கும் உரிய தெய்வம்.

தலைக்கவசம் போட்ட நால்வர்

அதிகம் குழப்பம் நேரும் இடம் இது. அறிவின் தெய்வம் மினர்வா, ரோமா, மார்ஸ், வர்ட்டூஸ் நால்வருக்கும் தலைக்கவசம், ஈட்டி, கேடயம் மூன்றும் உண்டு. உடையிலிருந்து தொடங்கினால்தான் பிரிக்க முடியும்.

மினர்வாவுக்குக் கால்வரை நீண்ட அங்கி. மார்பின் மேல் ஈஜிஸ் என்ற தோல் கவசம். அதன் ஓரம் முழுதும் சிறு பாம்புகள், நடுவே பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் தலை. தேய்ந்த காசில் பாம்புகள் அங்கியின் மடிப்பு மாதிரி ஆகிவிடும், ஆனால் மார்பின் நடுவே ஒரு சிறு குமிழ் மட்டும் நின்றுவிடும், அதைத் தேடுங்கள். காலடியில் ஆந்தை இருந்தால் ஐயமே இல்லை.

ரோமா, நகரமே பெண்ணாக உருவெடுத்தவள். பெரும்பாலும் அமர்ந்திருப்பாள், அதுவும் நாற்காலியில் அல்ல, குவித்த கேடயங்களின் மேலோ மார்புக் கவசத்தின் மேலோ. உள்ளங்கையில் இறக்கையுள்ள சின்னஞ்சிறு விக்டோரியா, வெற்றித் தெய்வம், நிற்கும். பல சமயம் ஒரு மார்பு திறந்த குட்டை உடை.

வர்ட்டூஸ் என்பது வீரம். இலக்கணத்தில் பெண்பால் என்பதால் உருவமும் பெண், ஆனால் உடை அமேசான் வீராங்கனையின் குட்டை உடை. ஒரு பாதம், தரையில் வைத்த தலைக்கவசம் ஒன்றின் மேல் ஊன்றியிருக்கும், கையில் பாராசோனியம் என்ற குறுவாள். தேய்ந்தால் மார்ஸிடமிருந்து பிரிப்பது கடினம். மார்ஸ் பெரும்பாலும் ஆடையின்றி இருப்பார், அல்லது முழுப் போர்க்கவசத்தில். தோளில் பகைவரின் ஆயுதங்கள் கட்டிய கம்பத்தைச் சுமந்து, ஈட்டியோடு எட்டு வைத்து நடந்தால் பெரும்பாலும் மார்ஸ்தான். படைக்கொடிக் கம்பத்தோடு நிற்பவர் மார்ஸ் உல்டர், பழிவாங்கும் மார்ஸ். இவருக்கு அகஸ்டஸ் தன் புதிய சதுக்கத்தில் கட்டிய கோவில் கி.மு. 2இல் திறக்கப்பட்டது.

மினர்வாவைக் கற்றுக்கொள்ளப் பேரரசர் டொமிஷியனின் (கி.பி. 81–96) டெனாரியஸ்களைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அவர் மினர்வாவின் தீவிர பக்தர். ஆண்டுக்கு ஆண்டு ஒரே நான்கு உருவங்களைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார். முதலாவதில் அவள் கேடயம் தாங்கி, ஈட்டியை ஓங்கி வலப்புறம் பாய்கிறாள். இரண்டாவதில் அதே பாய்ச்சல், ஆனால் கப்பல் முனைகள் பொருத்திய தூண்தலையின் மேல், பக்கத்தில் ஆந்தையோடு. மூன்றாவதில் இடப்புறம் பார்த்து நிற்கிறாள், வலக்கையில் இடியாயுதம், இடக்கையில் ஈட்டி, பின்னால் கேடயம். நான்காவதில் வெறும் ஈட்டியோடு நிற்கிறாள். மூன்றாவதைக் கவனியுங்கள், அது ஜூபிடரின் ஆயுதம். தந்தையின் ஆயுதம் மகள் கையில் வந்திருக்கிறது. ‘இடி இருந்தால் ஜூபிடர்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் விழும் இடம் இதுதான்.

இந்த இடியாயுதத்தின் வடிவமும் பலருக்குப் புதிது. மேலைநாட்டுப் படங்களில் வரும் வளைந்து வளைந்து செல்லும் மின்னல் கோடு அல்ல அது. நடுவில் கைப்பிடி, இரு புறமும் முறுக்கிய தீச்சுடர்க் கற்றை, சில சமயம் இறக்கைகள். இந்திரனின் வச்சிரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சட்டெனப் புரியும். தேய்ந்துவிட்டால் இருபுறமும் விரிந்த பூச்செண்டு போலிருக்கும்.

பாம்புகள்

மெர்குரியின் கோல் கடூசியஸ். குட்டைக் கோல், அதைச் சுற்றி இரண்டு பாம்புகள் எதிரெதிரே பார்த்தபடி, உச்சியில் சில சமயம் இறக்கை. தூது போகும் தெய்வத்தின், வணிகரின், வழிப்போக்கரின் சின்னம். மெர்குரியின் மற்ற பொருள்கள் அகன்ற ஓரமுள்ள தொப்பி, பணப்பை, சேவல், செம்மறிக் கடா, ஆமை. ஆமை எதற்கென்றால், அதன் ஓட்டிலிருந்து முதல் யாழைச் செய்தவர் இவர்.

மருத்துவத் தெய்வம் ஈஸ்குலாப்பியஸின் கோல் வேறு. முடிச்சு முடிச்சான தடித்த ஊன்றுகோல், ஒரே ஒரு பாம்பு, இறக்கை கிடையாது. கொள்ளைநோய் வந்தபோது கிரேக்க நகரமான எபிடாரஸிலிருந்து இவரைப் பாம்பு வடிவில் அழைத்து வந்ததாகவும், கப்பலிலிருந்து பாம்பு நீந்திப் போய் டைபர் ஆற்றுத் தீவில் இறங்கியதாகவும் ரோமானியர் நம்பினார்கள். அந்தத் தீவில் கோவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. தீவில் இன்றும் மருத்துவமனை நடக்கிறது.

இரண்டு கோல்களும் கலந்துபோனது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்கப் படையின் மருத்துவப் பிரிவு 1902இல் கடூசியஸைச் சின்னமாக ஏற்றபின் அது மருத்துவக் குறியாகப் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் ஒற்றைப் பாம்புதான், அதுதான் சரி. மருந்துக்கடைப் பலகைக்கோ மருத்துவ முகாம் பதாகைக்கோ படம் தேடுகிறவர்கள் பாம்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். இரண்டு பாம்பு என்றால் அது வணிகரின் கோல்.

பாம்பு வரும் மற்றொருத்தி சாலூஸ், உடல்நலம். பலிபீடத்திலிருந்து எழும் பாம்புக்கோ தன் கையில் சுற்றிய பாம்புக்கோ பாதேராவிலிருந்து ஊட்டுவாள். இங்கே மட்டும் பாதேரா உண்மையிலேயே அடையாளம் ஆகிறது. நீண்ட கடூசியஸைச் செங்கோல் போலத் தரையில் ஊன்றிக் கொம்பும் ஏந்தியவள் ஃபெலிசிடாஸ், நற்பேறு. பாக்ஸும் சில காசுகளில் கடூசியஸ் பிடிப்பாள், ஒலிவக்கிளை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பறவைகளும் தொப்பிகளும்

கழுகு ஜூபிடருடையது, மயில் ஜூனோவுடையது, ஆந்தை மினர்வாவுடையது. ஆனால் பறவை மட்டும் தனியே நின்று ‘கான்செக்ராஷியோ’ என்று எழுதியிருந்தால் அது தெய்வத்தின் காசு அல்ல, இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவரின் காசு. கழுகு பேரரசரின் உயிரை மேலே எடுத்துச் செல்கிறது, மயில் பேரரசியினுடையதை. இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே நிற்கும் கழுகு லெஜியன் படையின் சின்னம், ஜூபிடரை நேரடியாகக் குறிப்பதல்ல.

ஜூனோவிலேயே ஒரு வேற்று வடிவம் உண்டு. லானுவியம் ஊரின் ஜூனோ சோஸ்பிடா, கொம்போடு கூடிய ஆட்டுத்தோலைத் தலைமேல் போர்த்திக் கேடயமும் ஈட்டியும் ஏந்தியவள். அந்த ஊரோடு தொடர்புள்ள குடும்பத்தார் நாணய அதிகாரிகளாக இருந்தபோது தங்கள் டெனாரியஸ்களில் இவளைப் போட்டார்கள். கொம்பைக் கண்டு இவளை ஆண் காட்டுத்தெய்வமாக எழுதிவிடுவது நடக்கிற பிழை.

பிலியஸ் என்ற ஓரமில்லாத கூம்புத் தொப்பிக்கு மூன்று சொந்தக்காரர்கள். சுத்தியலும் குறடும் பிடித்தவர் தலையில் இருந்தால் கொல்லர் தெய்வம் வல்கன். குதிரை வீரர் இருவர் தலையில், தொப்பிக்கு மேல் ஆளுக்கொரு நட்சத்திரத்தோடு இருந்தால் இரட்டையர் காஸ்டரும் பொல்லக்ஸும். ஒரு பெண் தலையில் போடாமல் கையில் நீட்டிப் பிடித்திருந்தால் லிபெர்டாஸ், விடுதலை. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் அணிவது இந்தத் தொப்பி. சீசரைக் கொன்றபின் புரூட்டஸ் வெளியிட்ட காசில் இரண்டு குறுவாள்களுக்கு நடுவே இந்தத் தொப்பிதான் இருக்கிறது, கீழே கொலை நடந்த மார்ச் ஐட்ஸ் நாளின் (மார்ச் 15) குறிப்பு.

சின்னமே மதிப்பாக மாறிய இடம்

பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் கால வெண்கலக் காசுகளில் தெய்வத்தின் தலைதான் காசின் மதிப்பைச் சொல்லும். பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கப்பல் முனை. முழுக்காசான அஸ்ஸில் இரட்டை முக ஜேனஸ், ஒரு நெட்டைக்கோடு. அரைக்காசு செமிஸில் சாட்டர்ன், ‘எஸ்’ எழுத்து. மூன்றிலொரு பங்கான ட்ரியென்ஸில் மினர்வா, நாலு புள்ளி. காலான குவாட்ரன்ஸில் சிங்கத்தோல் போர்த்த ஹெர்குலிஸ், மூன்று புள்ளி. ஆறிலொரு பங்கு செக்ஸ்டன்ஸில் மெர்குரி, இரண்டு புள்ளி. பன்னிரண்டிலொரு பங்கு உன்சியாவில் ரோமா, ஒரு புள்ளி. புள்ளிகள் எத்தனை உன்சியா என்பதற்கான கணக்கு. முகம் முழுதும் தேய்ந்துபோன காசில் கூடக் கப்பலின் பக்கத்தில் புள்ளிகள் நிற்கும், அதை எண்ணினால் தேய்ந்துபோன தெய்வம் யார் என்று தெரிந்துவிடும். எழுத்தறியாதவரும் தலையைப் பார்த்துச் சில்லறை எண்ண முடிந்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. நாம் பூவா தலையா போடுவது போல ரோமானியச் சிறுவர்கள் காசைச் சுண்டி ‘தலையா கப்பலா’ என்று கேட்டார்கள்.

பிறகு கதிரவனும் நிலவும் அதே வேலைக்கு வந்தார்கள். கூர்முனைகள் சுற்றி நிற்கும் கதிர்க்கிரீடம் சோல் தெய்வத்துடையது. பேரரசர் நீரோ காலம் தொட்டு, இரண்டு அஸ் மதிப்புள்ள டுபோன்டியஸில் பேரரசர் தலைமேல் பொதுவாக அது ஏறியது. கி.பி. 215இல் பேரரசர் காரகல்லா புதிய, பெரிய வெள்ளிக் காசு ஒன்றைக் கொண்டுவந்தபோது அதிலும் பேரரசருக்குக் கதிர்க்கிரீடம். இரண்டு டெனாரியஸ் மதிப்பு அதற்கு என்பது பொதுவான கருத்து. பேரரசியின் காசில் அதற்கு ஈடாக, தோளுக்குக் கீழே ஒரு பிறை, நிலவுத் தெய்வம் லூனாவுடையது. ஆகவே பிறையின் மேல் தெரியும் பெண் முகத்தை டயானா என்றோ லூனா என்றோ எழுதாதீர்கள், அவள் பேரரசி.

சோல் முழு உருவமாக நிற்கும்போது அடையாளம் எளிது: வலக்கையை உயர்த்தியிருப்பார், இடக்கையில் பூகோளமோ சாட்டையோ. வெல்லப்படாத கதிரவனுக்குப் பேரரசர் ஔரேலியன் கி.பி. 274இல் ரோமில் பெருங்கோவில் திறந்தார். பேரரசர் கான்ஸ்டன்டைனின் செம்புக் காசுகளிலும் பல ஆண்டு இந்த உருவம் தொடர்ந்தது.

ஜூபிடர், கடல் தெய்வம் நெப்டியூன் இருவரும் தாடியோடு கோல் பிடித்தவர்கள். திரிசூலத்தின் முனை தேய்ந்தால் செங்கோல் ஆகிவிடும். டால்ஃபினையும் கப்பல் முனைமேல் தூக்கி வைத்த பாதத்தையும் பாருங்கள். அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பாவின் பெயரில் வந்த அஸ் காசில் நெப்டியூன் ஒரு கையில் சிறு டால்ஃபின், மறு கையில் திரிசூலம் ஏந்தி நிற்கிறார், ஒப்பிட அது நல்ல மாதிரி. கையில் பூவோடு, மறு கையால் பாவாடை நுனியைத் தூக்கி நடப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. முக்காடு போட்டுக் கையில் குட்டி மினர்வா சிலையோ சிம்புலக் கரண்டியோ வைத்திருப்பவள் வெஸ்டா, அடுப்பின் தெய்வம். ரோமில் வெஸ்டாவின் வட்டக்கோவிலுக்குள் அணையா நெருப்புத்தான் இருந்தது, சிலை இல்லை. காசில் மட்டும் அவளுக்கு உருவம் கிடைத்தது.

சிலைகளைப் பார்க்கும்போது

பளிங்குச் சிலையில் கையை நம்பாதீர்கள். கைகள்தான் முதலில் உடைவன. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் சிற்பிகள் உடைந்த சிலைகளுக்குப் புதிய கைகள் பொருத்தி, தாங்கள் சரியென்று நினைத்த பொருளை அதில் வைத்தார்கள். முழங்கைக்கு மேலே ஒட்டுக்கோடு தெரிகிறதா, கல்லின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். சிலையோடு ஒரே கல்லில் செதுக்கிய முட்டுக்கட்டைதான் நல்ல சாட்சி: காலோடு ஒட்டி நிற்கும் மரத்தண்டு, அதில் சுற்றிய பாம்பு, சாய்த்து வைத்த அம்பறாத்தூணி. 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் கிடைத்து இப்போது வாடிகனில் இருக்கும் அகஸ்டஸ் சிலையின் வலக்காலருகே டால்ஃபின் மேல் ஏறிய சிறு க்யூபிட், வீனஸின் மகன், இருக்கிறான். சிலைக்கு முட்டு அவனே. வீனஸின் மரபில் வந்தவர் இவர் என்ற செய்தியும் அவனே.

உடையும் ஏமாற்றும். அப்பல்லோ யாழ் மீட்டும் கோலத்தில் தரைவரை புரளும் நீள அங்கி அணிவார், முடியும் நீளம். மியூனிக் அருங்காட்சியகத்தில் உள்ள இப்படிப்பட்ட பெரிய அப்பல்லோ சிலையை முன்பு கலைத்தேவிகளில் ஒருத்தி என்றே கருதினார்கள்.

காசு கையில் இருந்தால்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மேலிருந்து நேராக வெளிச்சம் போட்டால் மேடுபள்ளம் மறைந்து வெறும் பளபளப்பு மிஞ்சும். ஒரே ஒரு விளக்கை இடப்பக்க மேல் மூலையில், காசின் தளத்துக்கு ஏறக்குறைய சாய்வாக, தாழ வைத்து, காசை மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். பாதேராவா ஆப்பிளா என்பது ஏதோ ஒரு கோணத்தில் நிழலாகத் தெளியும். மூன்று நான்கு கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

புளி, எலுமிச்சை, பித்தளை துலக்கும் பொடி எதுவும் போடக் கூடாது. அமிலமும் தேய்ப்பும் முதலில் தின்பது மேட்டில் இருக்கும் பகுதியைத்தான், அதாவது கையிலுள்ள பொருளையும் முகத்தையும். நிலத்தில் கிடைத்த காசு என்றால் கழுவாமல், ஒட்டிய மண்ணோடும் சேர்ந்து கிடைத்த பானை ஓட்டோடும் அப்படியே வைத்து, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலுக்கும் இதைக் கட்டாயமாக்குகிறது.

நம் பகுதிப் பொற்காசுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. பொன் மென்மையானது, முன்பக்கம் ஆழமாக வெட்டினால் பின்பக்கத்தில் அதே இடம் தட்டையாகும் அல்லது புடைக்கும். அந்தப் புடைப்பு தெய்வத்தின் கையருகே விழுந்தால் ஏதோ பொருளைப் பிடித்திருப்பது போலத் தோன்றும். காசைத் திருப்பி, வெட்டு எந்தத் திசையில் எங்கே விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு கையைப் பாருங்கள்.